பதினான்கு வயது மகனின் உடல் எடை: வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

வளர்பிறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயது. உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. பள்ளியில் நடந்த உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்கள். அவனுடைய பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) 28 என்றும், அது அவன் வயதுக்குரிய உடற்பருமன் எல்லையைத் தாண்டிவிட்டது என்றும், மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்றும் அதில் இருந்தது. அந்தத் தாளை அவனே பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் வரவில்லை.

என் கணவர், "உயரம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும், விடு" என்கிறார். எங்களுடன் இருக்கும் என் மாமனாருக்குப் பேரன் மீது கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தை இனிப்பு வாங்கிக் கொடுத்துத்தான் அவர் காட்டுவார். மகளுக்குப் பத்து வயது. எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத ஒல்லிவாகு. மகன் முன்பெல்லாம் மாலையில் விளையாடப் போவான். விளையாட்டுத் திடலில் யாரோ உடம்பைச் சொல்லிக் கேலி செய்ததிலிருந்து போவதை நிறுத்திவிட்டான். இப்போது பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கைப்பேசியுடன் உட்கார்ந்துகொள்கிறான். இரவு வெகுநேரம் விழித்திருக்கிறான்.

அவனுக்கு மட்டும் தனியாகச் சமைக்க வேண்டுமா? இனிப்பையும் நொறுக்குத்தீனியையும் பூட்டி வைப்பது சரியா? வாரம் தவறாமல் எடை பார்த்துக் குறித்து வைக்கலாமா? இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய சிக்கல், பேச்சை எப்படித் தொடங்குவது என்பதுதான். எடை என்று வாயெடுத்தாலே அவன் எழுந்து போய்விடுகிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

குழந்தைகள் மருத்துவப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் அந்த எண்ணே தேவையற்ற பயத்தைக் கிளப்பிவிடுகிறது; மீதிப் பாதியில் தேவையற்ற அலட்சியத்தை.

பெரியவர்களுக்கு 25, 30 என்று நிலையான எல்லைகள் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அவை பொருந்தா. 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, நடுமதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு (பிள்ளைகளின் அளவுகள் நடுமதிப்பைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) மேல் போனால் அதிக எடை, இரண்டுக்கு மேல் போனால் உடற்பருமன் என்று கொள்கிறார்கள். ஆகவே ஒரே பி.எம்.ஐ. 14 வயதில் எல்லைக்கு மேலேயும் 16 வயதில் எல்லைக்குக் கீழேயும் இருக்கக்கூடும். ஒரு நாளில் எடுத்த ஒற்றை அளவைக் காட்டிலும், கடந்த சில ஆண்டுகளின் உயரமும் எடையும் வரைபடத்தில் எப்படிப் போயிருக்கின்றன என்பதே மருத்துவருக்குப் பயன்படும். பழைய பள்ளிக் குறிப்புகள், தடுப்பூசி அட்டை, எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. உங்கள் மகனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 160 செ.மீ. உயரத்தில் 72 கிலோ என்றால் பி.எம்.ஐ. 28.1. அவன் 166 செ.மீ. வளர்ந்து, எடை அதே 72 கிலோவில் நின்றால், அது 26.1 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலேயே அவன் எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிடக்கூடும். ஆண்பிள்ளைகளில் பலருக்கு உயரம் வேகமாகக் கூடுவது 13, 14 வயதை ஒட்டித்தான். பெண்பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த வயதில் பல மருத்துவர்கள் எடையைக் குறை என்று சொல்லாமல், கூடாமல் பார்த்துக்கொள் என்கிறார்கள். மற்றப் பாதி என்னவென்றால், வளரும் உடம்பில் எடையும் சேர்ந்தே கூடுவது இயல்பு என்பதால், வீட்டில் எதுவும் மாறாமல் உயரம் மட்டும் ஏறி எடை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

"தைராய்டாக இருக்குமோ?" என்பது எங்கள் பிரிவில் வந்த பெற்றோரில் பெரும்பாலோர் கேட்ட முதல் கேள்வி. சுரப்புக் கோளாறுகளால் மட்டுமே வரும் உடற்பருமன் மிக அரிது. அப்படிப்பட்ட கோளாறு இருந்தால் பெரும்பாலும் உயர வளர்ச்சி தடைப்படும். வயதுக்கேற்ற உயரத்தோடு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஐயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எடை கூடிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுபோன பிள்ளையைத்தான் மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள், மனநல மருந்துகள் சில ஆகியவையும் எடையை ஏற்றக்கூடியவை என்பதால், அவன் ஏதாவது தொடர்ந்து உட்கொண்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று எண்ணிச் சில தாய்மார்கள் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியபின் அழைத்து வருவார்கள். அது அழுக்கில்லை, இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். உறக்கத்தில் உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி மீண்டும் தொடங்குகிறதா என்று ஓரிரு இரவுகள் கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் பகலில் அவன் சோர்ந்து கிடப்பதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: எடை கூடிய பதின்பருவப் பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லி நொண்டி நடந்தால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் அந்த நிலைக்கு நாள் கடத்தவே கூடாது. அன்றைக்கே காட்ட வேண்டும்.

மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். உடற்பருமன் எல்லையைத் தாண்டிய, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் வழக்கமாகச் செய்யப்படுகிறது. வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமலே கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கக்கூடும் என்பதுதான் அதற்குக் காரணம்.

---

நெடுவழி எழுதியது:

மேலே எழுதிய அம்மா உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்த உடம்போடு அந்த வயதைக் கடந்தவன் என்ற முறையில் மற்றொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் என்னை அடித்ததோ திட்டியதோ இல்லை. ஆனால் உணவு மேசையில் என் தட்டை மட்டும் வீடே பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணன் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டால் "வளரும் பிள்ளை, நன்றாகச் சாப்பிடு" என்பார்கள். நான் கையை நீட்டினால் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குப் பயந்து மேசையில் குறைவாகச் சாப்பிடப் பழகினேன்; பிறகு பசி பொறுக்காமல் தனியே சாப்பிடப் பழகினேன். பொட்டலத் தின்பண்டத்தின் காலி உறையைச் சத்தம் வராமல் மடித்து, கணக்கு நோட்டின் அட்டைக்குள் செருகி, மறுநாள் பள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவேன். பூட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. பூட்டினால் உங்கள் மகனுக்கு அந்தப் பண்டத்தின் மீதுள்ள ஆசை குறையாது. ஒளித்துச் சாப்பிடும் திறமைதான் கூடும். வேண்டாம் என்று நினைப்பதை வீட்டுக்கே வாங்கி வராமல் இருப்பது வேறு, வாங்கி வைத்து ஒருவனுக்கு மட்டும் பூட்டுவது வேறு.

பேச்சைத் தொடங்குவது பற்றி என் கருத்து இது. சாப்பாட்டு நேரத்திலும், தங்கை முன்னிலையிலும், உறவினர் வந்திருக்கும்போதும் வேண்டவே வேண்டாம். நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசினால் அது விசாரணை ஆகிவிடும். சேர்ந்து நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, பாத்திரம் துலக்கும்போதோ பேசினால் இருவருக்கும் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது. எடையிலிருந்து தொடங்காதீர்கள். அந்தத் தாளை அவனே பிரித்துப் படித்தான் என்கிறீர்களே, "அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும் வரை, அல்லது சொல்லாமலே விடும் வரை, நீங்கள் ஒன்றும் சேர்க்காமல் இருந்தாலே போதும். முதல் நாள் அதற்கு மேல் தேவையில்லை.

கேலி செய்ததைத் தனியாக எடுத்துக் கையாளுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "உடம்பு குறைந்தால் அவர்கள் கேலி செய்ய மாட்டார்கள்" என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பெரியவர்கள் சொல்லும் வாக்கியம், கேலி செய்தவனை விட்டுவிட்டுக் கேலிக்கு ஆளானவனைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. பள்ளியில் பேச வேண்டியது இருந்தால் அவனுக்குத் தெரிவித்துவிட்டுப் பேசுங்கள். வீட்டுக்குள்ளும் பட்டப்பெயர் எதுவும் இருந்தால், செல்லப் பெயராகவே இருந்தாலும், இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

---

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் மென்மையாகவே பேசுகிறீர்கள். 14 வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எது நல்லது என்று தெரியுமா? பெற்றோர் கண்டிப்பாக இல்லாவிட்டால் யார் இருப்பது? நான் என் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் எடை பார்க்கிறேன், கூடினால் அந்த வாரம் கைப்பேசி கிடையாது. ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். மனம் புண்படுமே என்று பயந்துகொண்டே இருந்தால் உடம்பை யார் பார்ப்பது?

---

சமையலறை மூலை எழுதியது:

நண்பர் நேர்கோடு அவர்களின் கேள்வி நியாயமானதுதான் என்பதால், உணவியல் ஆலோசகர் என்ற முறையில் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கண்டிப்பு தேவை, அது எதன் மீது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். எடை என்பது பிள்ளை நேரடியாகச் செய்யும் ஒரு செயல் அல்ல. உயரம் கூடுவது, பருவமாற்றம், உடலின் நீர் அளவு, அன்று காலை மலம் கழித்தானா என்பது உட்படப் பலவற்றால் அது ஏறி இறங்கும். தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தண்டனை பெறும் பிள்ளை, அந்த எண்ணைக் குறைக்கக் கையில் கிடைக்கும் எந்த வழியையும் தேடும்; எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி கிடப்பது அவற்றுள் மிக எளியது. ஆஸ்திரேலியாவில் பதின்பருவத்தினரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வொன்றில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கிய பெண்பிள்ளைகளுக்கு, அவ்வாறு செய்யாதவர்களைவிட உண்ணல் கோளாறு (பட்டினி கிடப்பது, உண்டதை வலிய வாந்தி எடுப்பது போன்ற மனநலச் சிக்கல்) ஏற்படும் வாய்ப்பு 18 மடங்கு இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும், பதின்பருவத்தினரைப் பத்தியம் இருக்கத் தூண்டாதீர்கள், அவர்களுடைய எடையைப் பற்றிப் பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், குடும்பமாகச் சேர்ந்து உண்ணுங்கள் என்றுதான் பெற்றோருக்கு வழிகாட்டுகிறது. எடையை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் அந்தக் கருவி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது.

பெற்றோரின் கண்டிப்பு வீட்டின் நடைமுறைகள் மீது இருக்கட்டும். என்ன சமைப்பது, எந்த நேரத்தில் உண்பது, எங்கே உட்கார்ந்து உண்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு உண்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். இரண்டாம் முறை கேட்டால் முகம் மாறாமல் கொடுங்கள். ஒழுங்கான நேரத்தில் வயிறு நிறைய உண்ணும் பிள்ளைக்கு இரவு பதினொரு மணிப் பசி தானாகவே குறையும். காலை உணவை விட்டுவிட்டு, மதியம் கொறித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் உண்பது இந்த வயதில் மிகப் பரவலான பழக்கம். அதை மாலை உணவில் கைவைத்துத் திருத்த முடியாது; காலையில்தான் திருத்த முடியும்.

தனியாகச் சமைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மகனுக்கு நல்லது என்று நீங்கள் கருதும் காய்கறி, பழம், பயறு, முழுத்தானியம் எல்லாம் உங்கள் ஒல்லியான மகளுக்கும், வயதான மாமனாருக்கும், உங்கள் கணவருக்கும் அதே அளவுக்கு நல்லவைதான். அவளுக்கு இனிப்பும் அவனுக்குக் காய்கறியும் என்று பிரித்தால், காய்கறி தண்டனை என்பதையும் இனிப்பு பரிசு என்பதையும் இரு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஒல்லியாக இருப்பதாலேயே ஒரு பிள்ளை சரியாக உண்கிறது என்று பொருளும் இல்லை.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று ஒரு குடும்பம் என்னிடம் சொன்னால், நான் பானத்தைத்தான் கேட்பேன். வழக்கமான கோலா வகைக் குளிர்பானம் 330 மில்லியில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி. ஒரு நாளில் உண்ணும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை முதலியவற்றின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஒரு குப்பியிலேயே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. அப்படிக் குடித்த ஆற்றலுக்கு, மென்று உண்டதைப் போல வயிறு நிறைந்த உணர்வும் வருவதில்லை. பழச்சாறு நல்லதுதானே என்று உடனே கேட்பார்கள். அதே பரிந்துரை, சர்க்கரை சேர்க்காத பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தைச் சேர்ப்பதில்லை. எனவே வீட்டில் குடிப்பதற்குத் தண்ணீரும் பாலும், உண்பதற்குப் பழமும் என்று வைத்துக்கொண்டால், யாரையும் சுட்டிக்காட்டாமலேயே பெரிய மாற்றம் நடந்துவிடும். வெளியில் நண்பர்களோடு போகும்போது அவன் எதைக் குடித்தாலும் கேள்வி கேட்காதீர்கள்.

தாத்தாவைத் தடுக்காதீர்கள், அவருக்கு வேறு வேலை கொடுங்கள். பேரனைத் தேடி வரும் அன்பு இனிப்புப் பொட்டலத்தில் வர வேண்டியதில்லை, மாலை நடைக்குத் துணை கேட்பதிலும் வரலாம். "தாத்தா தனியே நடக்கச் சிரமப்படுகிறார், நீ கூடப் போ" என்றால் அது உடற்பயிற்சி என்று அவனுக்குத் தோன்றாது, தான் உதவுவதாகத் தோன்றும், அதுவும் உண்மைதானே.

உடல் அசைவைப் பற்றி ஒரு சொல். 5 முதல் 17 வயது வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பதும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொடுத்த வழிகாட்டுதல். இதில் இரண்டாம் பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எடை கூடிய பையனை ஓடவிட்டால் எல்லோருக்கும் பின்னால்தான் வருவான். அவனைப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் பளு தூக்கவிட்டுப் பாருங்கள், ஒல்லியான நண்பர்கள் தூக்க முடியாததைத் தூக்குவான். கூடுதல் எடையைச் சுமந்தே நடந்து பழகிய அவன் கால் தசைகள் வலுவானவை. தன் உடம்பு ஒரு காரியத்தில் மற்றவரை முந்துகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், மறுநாள் போகச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டியிருக்காது. நீச்சலும் மூட்டுகளுக்கு இதமானது, ஆனால் சட்டை கழற்றக் கூச்சப்படும் வயது இது என்பதை மறக்காதீர்கள்.

---

வளர்பிறை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டினேன். 28.1, 26.1 கணக்கைப் பார்த்தபின் "விடு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, இப்போது "என்ன செய்யலாம்?" என்கிறார். ஆனால் அவர் நேராக வேறொரு கோடிக்குப் போய்விட்டார்: எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். இன்னொரு கேள்வி, தூக்கம். இரவில் கைப்பேசியைப் பிடுங்கினால் பெரிய சண்டை ஆகிறது. கடைசியாக, கடந்த சில நாள்களாக மகன் தானாகவே காலை உணவைத் தவிர்க்கிறான். கேட்டால் பசியில்லை என்கிறான். அந்தத் தாளைப் படித்ததன் விளைவோ என்று அஞ்சுகிறேன்.

---

நெடுவழி எழுதியது:

தூக்கத்துக்கு மட்டும் நான் பதில் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிகள் இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் பெறட்டும். எல்லாருடையவையும், அப்பாவுடையதும் சேர்த்து. ஒருவனிடம் பிடுங்குவது சண்டை. ஐந்து பேரும் ஒரே இடத்தில் வைப்பது வீட்டு வழக்கம். உங்கள் கணவர் ஏதாவது செய்ய விரும்பினால், இதை அவரே முதலில் செய்து காட்டலாம்.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

தூக்கத்தைப் பற்றி நெடுவழி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: 13 முதல் 18 வயது வரை இரவுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமாற்றத்தில் உடலின் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போவதால், ஒன்பது மணிக்கே தூக்கம் வரவில்லை என்று அவன் சொல்வது பொய்யாக இருக்காது. எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் வெகுவாக மாற்றாமல் வைத்துக்கொண்டால், உறங்கும் நேரம் மெல்ல மெல்ல முன்னால் வரும். தூக்கம் குறைந்த நாள்களில் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் மனம் அதிகம் நாடுவதை நீங்களே உங்களிடம் கவனித்திருப்பீர்கள்.

ஊசியைப் பற்றி: அது வெறும் விளம்பரமல்ல, உண்மையான மருந்துதான். 12 வயதுக்கு மேற்பட்ட 201 பதின்பருவத்தினரிடம் செமாக்ளுடைட் என்னும் ஊசி மருந்தைச் சோதித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. 68 வாரங்களின் முடிவில் மருந்து பெற்றவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. பெறாதவர்களுக்கு ஏறத்தாழ மாற்றமே இல்லை. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட, உடற்பருமன் உள்ளவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆய்விலேயே இரு தரப்பினருக்கும் உணவு, உடற்பயிற்சி வழிகாட்டுதலும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. குமட்டலும் வாந்தியும் பரவலான பக்கவிளைவுகள். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் மருந்தை நிறுத்தியபின் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கிறது. எனவே அதைக் குழந்தைநல மருத்துவர் பரிசோதித்து, உங்கள் மகனையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கி வீட்டில் போட்டுவிடும் பொருள் அல்ல அது. 2023இல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், குடும்பத்தையும் சேர்த்து அளிக்கப்படும் பயிற்சிக்கு 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேரமாவது நேரடிச் சந்திப்பு இருந்தால் பலன் அதிகம் என்கிறது. ஒரு தடவை போய் அறிவுரை கேட்டுவிட்டு வருவதோடு முடியாது என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள். அருகில் அப்படிப்பட்ட திட்டம் இல்லாவிட்டாலும், தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருப்பது பெரிய உதவி.

காலை உணவைத் தவிர்ப்பதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பதறவும் மாட்டேன். வற்புறுத்தாமல் நீங்களும் அவனுடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவன் தட்டையும் வையுங்கள். கூடவே சிலவற்றைக் கவனியுங்கள்: உண்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறானா, ஒரு வகை உணவை முழுவதுமாக ஒதுக்கத் தொடங்குகிறானா, அடிக்கடி கண்ணாடி முன் நின்று உடம்பைக் கிள்ளிப் பார்க்கிறானா, எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா, சில வாரங்களிலேயே எடை சட்டென்று குறைகிறதா. எடை கூடிய பிள்ளைக்கு உண்ணல் கோளாறு வராது என்று நினைப்பவர்கள் மருத்துவத் துறையிலேயே உண்டு. எடை வேகமாகக் குறைந்தால் வீட்டார் பாராட்டிவிடுவார்கள். அதனாலேயே அது வெகுநாள் கண்ணில் படாமல் போகும். இவற்றில் ஏதேனும் தெரிந்தால், எடைக்காக என்று காத்திராமல் அதற்காகவே மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரிடம் நேரம் குறிக்கும்போது, மகனுடன் தனியாகப் பேசவும் சில நிமிடங்கள் ஒதுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எடை பார்க்கும் எந்திரம் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும்படி இருந்தால், அறைக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காலை உணவை விடுவதைப் பற்றி அவன் முன்னால் நீங்கள் சொல்லாமல், ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே போகும் முன் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள்.